ஈயம் என்றால் எந்த ஈயம்?

"பழைய ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

இந்தக் கூவலை உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ சொல்லிப் பாருங்கள், உடனே சிரித்துவிடுவார்கள். ஒரு காலத்தில் தெருத்தெருவாக வண்டி தள்ளிக்கொண்டு வருபவர் இப்படித்தான் குரல் கொடுப்பார். ஓட்டை விழுந்த குண்டான், கைப்பிடி போன சட்டி, நசுங்கிய சொம்பு எல்லாவற்றையும் வாங்கி எடை போட்டுவிட்டு, ஈடாகப் பேரீச்சம்பழத்தை நிறுத்துக் கொடுப்பார்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. அந்த வண்டிக்காரர் கேட்ட 'ஈயம்' எது?

பெரும்பாலும் அவருக்குக் கிடைத்தது அலுமினியப் பாத்திரம். தமிழ்நாட்டின் பல வீடுகளில் அலுமினியத்தை ஈயம் என்றே சொல்வார்கள். ஆனால், ரசம் வைக்கும் 'ஈயச்சொம்பு' இருக்கிறதே, அது அலுமினியம் அன்று. பித்தளைப் பாத்திரத்துக்கு 'ஈயம் பூசுகிறோம்' என்றால், அந்த ஈயமும் அலுமினியம் அன்று. மின்கலங்களில் இருக்கும் ஈயம் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறானது. ஒரே பெயருக்குள் மூன்று உலோகங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று நஞ்சு.

பெயரை நம்பலாமா, பண்பை நம்பலாமா? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. சமையலறைக்குப் போனால் போதும்.

உருகிய சொம்பு

எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் வீட்டில் ஓர் ஈயச்சொம்பு இருந்தது. பாட்டி கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசையோடு கொண்டு வந்தது. வேறு பாத்திரத்தில் ரசம் வைத்தால் பாட்டிக்கு அது ரசமே இல்லை. ஆனால் அந்தச் சொம்பை அடுப்பில் ஏற்ற வீட்டில் வேறு யாருக்கும் உரிமை கிடையாது.

ஒரு நாள் மாலை, புளிக்கரைசல் ஊற்றிய சொம்பை மண்ணெண்ணெய் அடுப்பில் ஏற்றிவிட்டு, பாட்டி என்னை அழைத்தார். "டேய், பொரி கட்டி மேலே வந்ததும் அடுப்பை அணைச்சுடு. கொதிக்க விடாதே. நான் கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றார். தலையை ஆட்டினேன். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. "இரண்டே ஓவர் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்று போனேன்.

திரும்பி வந்தபோது சமையலறை முழுவதும் கருகிய புளிவாடை. அடுப்பின் மேல் சொம்பின் கழுத்து மட்டும் சாய்ந்து கிடந்தது. அடிப்பாகத்தைக் காணோம். அடுப்புக்குக் கீழே தட்டில் வெள்ளிக் குளம் போல ஏதோ பளபளத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மினுமினுப்பு மங்கி, இறுகிக் கட்டியாயிற்று.

பாட்டி என்னை அடிக்கவில்லை. அந்தக் கட்டியையும் கழுத்துப் பகுதியையும் ஒரு துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்தத் துணி முடிச்சைப் பற்றிக் கடைசியில் மீண்டும் சொல்கிறேன். இப்போது அறிவியலுக்கு வருவோம்.

தண்ணீர் காத்த பாத்திரம்

ஈயச்சொம்பு செய்யப்பட வேண்டிய உலோகம் வெள்ளீயம். இதன் உருகுநிலை 232 டிகிரி செல்சியஸ். உலோகங்களில் இது மிகவும் குறைவு. அலுமினியம் 660 டிகிரியிலும், செம்பு 1,085 டிகிரியிலும், இரும்பு 1,538 டிகிரியிலும் உருகுகின்றன. அடுப்புச் சுடரின் வெப்பநிலையோ ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அப்படியானால் சொம்பு தினந்தோறும் அல்லவா உருகியிருக்க வேண்டும்? நாற்பது ஆண்டுக் காலம் அது எப்படிப் பிழைத்தது?

ஒரு சிறிய பரிசோதனை செய்து பாருங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். சாதாரண வெள்ளைத்தாளை மடித்து ஒரு சிறு பெட்டி செய்யுங்கள். தேநீர்க் கடைக் காகிதக் கோப்பை வேண்டாம். அதன் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. பெட்டியில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, இடுக்கியால் பிடித்து, மெழுகுவர்த்திச் சுடருக்கு மேல் காட்டுங்கள். சுடர் தண்ணீர் உள்ள பகுதியில் மட்டும் படட்டும். தாள் எரிவதில்லை, தண்ணீர்தான் சூடாகும்! பொறுமை இருந்தால் அதைக் கொதிக்கவும் வைக்கலாம்.

காரணம் எளிது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கத் தொடங்கியபின், எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் அதன் வெப்பநிலை ஏறுவதில்லை. வந்து சேரும் வெப்பம் முழுவதையும் நீராவியாவதற்கே செலவிட்டுவிடுகிறது. இதைத்தான் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று பாடத்தில் படிக்கிறீர்கள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். தண்ணீரை ஒட்டியிருக்கும் தாளும் 100 டிகிரியை விட்டு வெகுதூரம் போக முடியாது. தாள் தீப்பற்றுவது ஏறத்தாழ 230 டிகிரியில். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். பார்த்தீர்களா, ஈயச்சொம்பும் ஒரு காகிதப் பெட்டியும் அடுப்பின் முன் ஏறக்குறைய ஒரே நிலைமையில்தான் இருக்கின்றன!

இனிக் கணக்கைப் பாருங்கள். சொம்பில் அரை லிட்டர் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. அடுப்பிலிருந்து வினாடிக்கு 1,000 ஜூல் வெப்பம் அதற்குள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு தண்ணீரும் வற்ற 500 × 2,260 = 11,30,000 ஜூல் வேண்டும். அதாவது ஏறத்தாழ 19 நிமிடம். அதுவரை சொம்புக்குத் தண்ணீர் காவல்.

தண்ணீர் தீர்ந்தபின் என்ன நடக்கும்? சொம்பின் நிறை 400 கிராம் என்போம். வெள்ளீயத்தின் தன்வெப்பம் மிகச் சிறியது. ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க 0.227 ஜூல் போதும். 100 டிகிரியிலிருந்து 232 டிகிரிக்கு ஏற 400 × 0.227 × 132, ஏறத்தாழ 12,000 ஜூல். பிறகு உருகுவதற்குக் கிராமுக்கு 60 ஜூல் வீதம் 24,000 ஜூல். மொத்தம் 36,000 ஜூல். நம் அடுப்பு இதை 36 வினாடிகளில் கொடுத்துவிடும்!

வேறு விதமாகச் சொன்னால், 16 கிராம் தண்ணீரை, ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரை ஆவியாக்கும் வெப்பம் ஒரு முழுச் சொம்பையே உருக்கிவிடும். உண்மையில் முழுச் சொம்பும் உருகும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. அடியில் ஒரு துளை விழுந்தால் போதும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே பக்கவாட்டில் தீ நக்கினால், வற்றுவதற்கு முன்பே அந்த இடம் உருகலாம்.

"வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே, தீயைச் சின்னதாக வை, பொரி கட்டியதும் இறக்கு." பாட்டியின் இந்த மூன்று கட்டளைகளும் உருகுநிலை, உள்ளுறை வெப்பம், தன்வெப்பம் என்ற மூன்று பாடங்கள். அவர் அளந்து பார்க்கவில்லை. அனுபவத்தால் அறிந்திருந்தார்.

ஒரு பெயர், மூன்று உலோகம்

இனி, நம் 'ஈயங்களை' ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெள்ளீயம்: அணு எண் 50. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம். வெண்மையான, மென்மையான உலோகம். காற்றில் எளிதில் கறுக்காது. புளி, எலுமிச்சை போன்றவற்றின் மென்மையான அமிலங்கள் இதை அதிகமாகக் கரைப்பதில்லை. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுவது இதைத்தான். ஈயம் பூசுபவர் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவுவார், வெண்புகை எழும். நவச்சாரம் பித்தளையின் மேலுள்ள ஆக்ஸைடுப் படலத்தை அகற்றிவிடும். உடனே ஈயத்துண்டை வைத்துப் பஞ்சால் தேய்த்தால், அது உருகி மெல்லிய படலமாகப் பரவிக்கொள்ளும். இவ்வளவு குறைந்த சூட்டில் உருகுவதால்தான் தெருவோரத்து ஊதுலையிலேயே இந்த வேலையைச் செய்ய முடிகிறது. சொம்புக்குக் குறையான அதே பண்பு பூச்சுக்கு நிறை!

காரீயம்: அணு எண் 82. அடர்த்தி 11.3 கிராம். உருகுநிலை 327 டிகிரி. புதிதாக வெட்டிய இடம் பளபளக்கும். சிறிது நேரத்தில் சாம்பல் நிறமாக மங்கிவிடும். நகத்தால் கீறினாலே கோடு விழும். வெள்ளைத்தாளில் தேய்த்தால் சாம்பல் நிறத் தடம் விடும். கார் பாட்டரிக்குள் இருப்பது இதுதான்.

அலுமினியம்: அணு எண் 13. அடர்த்தி 2.7 கிராம்தான். முதல் இரண்டுக்கும் இதற்கும் உறவே இல்லை. 1886ஆம் ஆண்டில் ஹால், எரூல் என்ற இருவர் மின்சாரத்தால் இதைப் பிரித்தெடுக்கும் முறையைத் தனித்தனியே கண்டுபிடிக்கும்வரை இது விலை மிகுந்த அரிய பொருளாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டார். புதிய உலோகம் அடுப்படிக்குள் வந்தது. புதிய பெயர் வரவில்லை. வெளுப்பாக இருந்ததால் பழைய பெயரையே மக்கள் அதற்கும் சூட்டிவிட்டார்கள்.

மூன்றையும் பத்துப் பத்துக் கன சென்டிமீட்டர் கட்டிகளாகச் செய்து உங்கள் கையில் கொடுத்தால், அலுமினியம் 27 கிராம், வெள்ளீயம் 73 கிராம், காரீயம் 113 கிராம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்!

வெள்ளீயத்துக்கு இன்னொரு வேடிக்கையான அடையாளம் உண்டு. தூய வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் 'கிரீச்' என்று மெல்லிய ஒலி கேட்கும். உள்ளே இருக்கும் படிகங்கள் சட்டென்று தம் அடுக்கை மாற்றிக்கொள்வதால் எழும் ஒலி இது. இதை வெள்ளீயத்தின் அழுகை என்பார்கள். காரீயம் ஓசையின்றி வளையும்.

வெள்ளீயம், காரீயம் என்ற நம் பெயர்களைப் போலவே பண்டைய ரோமானியர்களும் ஒன்றை வெள்ளைப் 'பிளம்பம்' என்றும் மற்றொன்றைக் கறுப்புப் 'பிளம்பம்' என்றும் அழைத்தார்கள். ஒரே பொருளின் இரு வகைகள் என்று நினைத்துவிட்டார்கள். இன்றும் காரீயத்தின் குறியீடாகிய 'பிபி', பிளம்பம் என்ற அந்தச் சொல்லிலிருந்து வந்ததே. தனிம அட்டவணையை எடுத்துப் பாருங்கள். கார்பன் குடும்பமாகிய 14ஆம் தொகுதியில், வெள்ளீயத்துக்கு நேர் கீழே காரீயம் இருக்கும். கண் ஏமாந்ததில் வியப்பில்லை.

பெயர்களின் குறும்பு இத்தோடு முடியவில்லை. எவர்சில்வரில் வெள்ளி இல்லை. அது இரும்பு, குரோமியம், நிக்கல் கலந்த எஃகு. பென்சிலில் 'லெட்' இல்லை, இருப்பது கிராஃபைட். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கிராஃபைட் சுரங்கம் கிடைத்தபோது அதைக் காரீயத்தின் ஒரு வகை என்று எண்ணிப் பெயரிட்டார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. பிஸ்கட் 'டின்' ஏறக்குறைய முழுவதும் எஃகு. வெள்ளீயம் இருந்தாலும் மெல்லிய பூச்சாகவே இருக்கும்.

இரண்டையும் கலந்தால்?

வானொலி பழுது பார்க்கும் கடையில் பற்றவைக்கும் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பற்றாசு என்று பெயர். நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த பற்றாசு, வெள்ளீயமும் காரீயமும் கலந்த கலவை. வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு. இதன் உருகுநிலை என்னவாக இருக்கும்? 232க்கும் 327க்கும் நடுவில் என்றுதான் நம் மனம் சொல்லும். விடை 183 டிகிரி! இரண்டில் எதுவும் உருகாத சூட்டில் அவற்றின் கலவை உருகிவிடுகிறது. இரு வகை அணுக்கள் கலந்திருக்கும்போது ஒழுங்கான படிக அடுக்கில் சேர்ந்து நிற்பதைவிட, உருகிய நிலையில் கலந்து கிடப்பதே அவற்றுக்கு எளிதாகிவிடுகிறது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளீயத்தில் காரீயம் கலந்தால் கலவை சீக்கிரம் உருகும், எடை கூடும், பார்வைக்கு மட்டும் பெரிய வேறுபாடு தெரியாது. காரீயம் வெள்ளீயத்தைவிட மிகவும் மலிவானது என்பதையும் சேர்த்து நினையுங்கள். கலப்படத்துக்கு வேறென்ன வேண்டும்?

புளியும் காரீயமும்

ரசத்தில் புளி இருக்கிறது, தக்காளி இருக்கிறது. புளியில் டார்ட்டாரிக் அமிலமும், தக்காளியில் சிட்ரிக் அமிலமும் உண்டு. இந்த அமிலங்கள் சூட்டில் காரீயத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைக்கின்றன. காரீயம் கரைந்த உணவு கசக்காது, நாறாது. சில காரீய உப்புகள் இனிக்கக்கூடச் செய்யும். பண்டைய ரோமில் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் காய்ச்சி இனிப்புப் பாகு செய்து வந்தார்கள். நாக்கு இங்கே நமக்குக் காவலாக இல்லை.

உடலுக்குள் போன காரீயத்தைச் சுண்ணச்சத்து என்று நம் உடல் தவறாக எடுத்துக்கொள்கிறது. எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைக்கிறது. அங்கிருந்து அது பல ஆண்டுகளுக்குப் பிறகும் இரத்தத்தில் கலக்கும். இரத்தசோகை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு ஆகியவை பெரியவர்களுக்கு வரலாம். வளரும் குழந்தையின் மூளையைத்தான் அது மிகவும் பாதிக்கிறது. ஒரே அளவு காரீயத்தை உட்கொண்டால், குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக அதை ஏற்றுக்கொள்கிறது. "இந்த அளவு வரை தீங்கில்லை" என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் கண்டறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

இந்த ஆபத்தை உலகம் உணர்ந்ததும் ஓர் அளவீட்டின் கதைதான். அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன், விண்கல்லில் உள்ள காரீயத்தை அளந்து 1956இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று கணித்தவர். அவருடைய அளவீடுகளை ஒரு தொல்லை விடாமல் கெடுத்து வந்தது: எங்கு பார்த்தாலும், காற்றிலும் தூசியிலும் காரீயம்! அதன் மூலத்தைத் தேடியவர், பெட்ரோலில் கலக்கப்பட்ட காரீயச் சேர்மம் பெரும் காரணம் என்பதை 1965 முதல் எடுத்துரைத்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது; எண்கள் அதைவிடப் பலமாக இருந்தன. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் வாகனங்களுக்கான காரீயப் பெட்ரோல் விடைபெற்றது. 2021இல் அல்ஜீரியாவும் நிறுத்தியபோது உலகம் முழுவதும் வாகனங்களுக்கான காரீயப் பெட்ரோல் விற்பனை முடிவுக்கு வந்தது.

எடை போட்டுப் பாருங்கள்

உங்கள் வீட்டு ஈயச்சொம்பு எந்த ஈயத்தால் ஆனது? உடைக்காமல், உருக்காமல், கீறாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழி அது. இலக்கங்களில் எடை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று போதும்.

முதலில் உலர்ந்த சொம்பின் நிறையை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வாய் அகன்ற பாத்திரத்தில் சொம்பு மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, அதைத் தராசின் மேல் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். சொம்பின் கழுத்தில் மெல்லிய நூல் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி கையில் தொங்கவிடுங்கள். சொம்பு அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. உள்ளே காற்றுக் குமிழி தங்காதபடி ஒருமுறை சாய்த்து எடுங்கள். இப்போது தராசு காட்டும் எண் எத்தனை கிராமோ, அத்தனை கன சென்டிமீட்டர் அந்த உலோகத்தின் பருமன்.

ஏன் என்று யோசித்தீர்களா? தண்ணீர் சொம்பை மேல்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சொம்பும் தண்ணீரை அதே விசையோடு கீழ்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை, சொம்பு இடம்பெயர்த்த தண்ணீரின் எடைக்குச் சமம். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம் அல்லவா?

நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. விடை 2.7 என்றால் அலுமினியம். 7.3 அளவில் இருந்தால் வெள்ளீயமாக இருக்கலாம். நூற்றுக்குப் பத்துப் பங்கு காரீயம் கலந்திருந்தால் ஏறத்தாழ 7.6, கால் பங்கு கலந்திருந்தால் 8.0, சரிபாதி என்றால் 8.9 வரும்.

"இருக்கலாம்" என்று சொன்னதைக் கவனித்தீர்களா? 400 கிராம் சொம்பின் பருமனை ஒரு கன சென்டிமீட்டர் பிழையோடு அளந்தால், 7.3 என்ற விடை 7.2 ஆகவோ 7.4 ஆகவோ மாறிவிடும். நூற்றுக்கு இரண்டு பங்கு காரீயம் இருந்தால் அடர்த்தி 7.34தான். அதை இந்தத் தராசு காட்டிக் கொடுக்காது. ஆனால் இரண்டு பங்கு காரீயமும் உணவுப் பாத்திரத்தில் இருக்கத்தகாத அளவுதான். ஆகவே, எண் 7.6, 8 என்று உயர்ந்தால் அது தெளிவான எச்சரிக்கை; 7.3 என்று வந்தால் அது நற்சான்றிதழ் ஆகாது. உறுதியாக அறிய எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை வேண்டும். எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுள்ள எக்ஸ் கதிரைத் திரும்ப வீசும். அதைக் கொண்டு பாத்திரத்தைச் சேதப்படுத்தாமலே என்னென்ன உலோகங்கள் உள்ளன என்று சொல்லிவிடலாம். தங்க நகையின் தரம் பார்க்கும் இடங்களில் வைத்திருக்கும் கருவி இந்த வகைதான்.

துணி முடிச்சு

பாட்டி காலமாகிப் பல ஆண்டுகள் சென்றபின், வீடு மாறும்போது அந்தத் துணி முடிச்சு என் கைக்கு வந்தது. கட்டியைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று, மேலே சொன்ன முறையிலேயே மாணவர்களின் முன்னால் அளந்தேன். நிறை 316 கிராம். பருமன் 40 கன சென்டிமீட்டர்.

கரும்பலகையில் வகுத்து எழுதிய மாணவி, "சார், 7.9 வருது" என்றாள்.

தூய வெள்ளீயமானால் பருமன் 43க்கு மேல் இருந்திருக்க வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் பிழை என்று வைத்துக்கொண்டாலும் அடர்த்தி 7.7க்குக் கீழே இறங்கவில்லை. கட்டிக்குள் சிறு துவாரங்கள் இருக்கலாமே என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. துவாரங்கள் இருந்தால் அடர்த்தி குறையுமே அல்லாமல் கூடாது. அப்படியானால் உலோகத்தின் உண்மையான அடர்த்தி 7.9ஐவிடவும் அதிகம். பிறகு நண்பர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் கதிரால் பார்த்தோம். ஏறக்குறைய கால் பங்கு காரீயம்.

அன்று அந்தச் சொம்பு அவ்வளவு சீக்கிரம் உருகியதற்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது. அது 232 டிகிரிவரை காத்திருக்கவில்லை. 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கியிருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அத்தைக்குத் தெரிஞ்சிருந்தா அதை அடுப்பிலேயே ஏத்தியிருக்க மாட்டா" என்றார். பாட்டி கடைக்காரரிடம் கேட்டது ஈயம். கடைக்காரர் கொடுத்ததும் ஈயம். அந்தச் சொல்லில் பொய் இல்லை, அளவுதான் இல்லை. என் கவனக்குறைவால் ஒரு பரம்பரைப் பொருள் போயிற்று என்று பல ஆண்டுகள் வருந்தியிருக்கிறேன். அந்த வருத்தம் இப்போது வேறு வடிவம் எடுத்துவிட்டது.

நண்பர்களே, உங்கள் வீட்டில் பழைய ஈயச்சொம்பு இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அளந்து பாருங்கள். அடர்த்தி அதிகமாக வந்தால் சமையலுக்கு வேண்டாம் என்று பெரியவர்களிடம் கணக்கோடு எடுத்துச் சொல்லுங்கள். எடை குறைவாக வந்தாலும் சோதனைச் சான்று இல்லாத சொம்பில் சமைக்காமல் இருப்பதே நல்லது. ரசம் எவர்சில்வரிலும் நன்றாகவே வரும். ஈயம் பூச வருபவரிடம் எந்த ஈயம் என்று கேளுங்கள். காரீயத்தையோ பழைய பாட்டரியையோ வீட்டில் உருக்கிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் புகையும் தூசும் சொம்பைவிடக் கொடியவை. காரீயத்தைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சொம்பு கிடைக்காதவர்கள் ஒரு கரண்டியை, ஒரு பித்தளைக் குத்துவிளக்கை, ஒரு பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயரை ஒரு பக்கமும் அடர்த்தியை மறுபக்கமும் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகவில்லை என்றால், ஏன் என்று உங்கள் ஆசிரியரோடு பேசுங்கள். அங்கேதான் இயற்பியல் தொடங்குகிறது.